ஆசீர்வாதம் அண்ணனுக்கு இன்னொரு கரண்டி கேசரி

ஈஸ்டர் ஆராதனை முடிந்து தகரக் கொட்டகையில் பந்தி போட்டிருந்தோம். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பிரியாணி ஆவி, முகப் பவுடர், வியர்வை எல்லாம் கலந்த அந்தப் புழுக்கத்தில் கேசரிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் இலைக்குப் போனேன்.

எங்கள் சபையில் முதல் இலை எப்போதும் ஆசீர்வாதம் அண்ணனுக்குத்தான்.

"அண்ணனுக்கு நல்லா வைங்க பாஸ்டரம்மா! சாட்சி அண்ணனாச்சே! இன்னொரு கரண்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வைத்தேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கொட்டகை முழுவதும் "ஸ்தோத்திரம்!" என்றது. இதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள்.

இது எங்களுக்குள் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு வழக்கம். ஆசீர்வாதம் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி இருந்து, ஜெபத்தால் குணமானது என்பது ஊரறிந்த சாட்சி. அதற்கு நிரூபணம்தான் இந்தக் கேசரி. கல்யாணம், பெயர் சூட்டு, கிறிஸ்துமஸ், எதுவானாலும் அவர் இலையில் முதல் இனிப்பு விழும், அவர் தின்பார், சபை ஸ்தோத்திரம் சொல்லும்.

அன்றைக்கு இரண்டாவது கரண்டி வைக்கக் குனிந்தபோது, நெய்க்கும் ஏலக்காய்க்கும் அடியில் வேறொரு வாடை வந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோனால் வருமே, அந்த வாடை. கூடவே கொஞ்சம் தித்திப்பு.

எனக்கு அது தெரியும். என் அப்பாவின் கடைசி வருஷத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதுதான் இருந்தது. சர்க்கரையில் அழுகிய அப்பாவின் காலில் இருந்து வந்த வாடை.

கீழே பார்த்தேன். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் இந்தக் கோடையில் கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தார். கால்களை நாற்காலிக்கு அடியில் பின்னி வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜாக்கா. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இலைக்கு வந்தேன். அது என் வீட்டுக்காரருடையது. அவர்தான் சபையின் போதகர். அவருக்கு நான் கேசரி வைப்பதே இல்லை. இனிப்புத் தின்றால் தொண்டை கட்டும், பிரசங்கம் கெடும் என்பார். டீயில்கூடச் சர்க்கரை வேண்டாம் என்று நிறுத்தி நாலைந்து வருஷம் இருக்கும். அந்த வைராக்கியத்தைப் பற்றி மற்ற போதகர்களின் மனைவிகளிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

உபவாசமும் ஒரு டெஸ்ட்டும்

எங்கள் சபை புதுச்சத்திரம் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பாட்டுப் பாடும்போது லாரி ஹாரனும் சேர்ந்து பாடும். சபையில் பாதிப் பேர் லாரி, கோழிப்பண்ணை, போர்வெல் போடும் ரிக் வண்டி என்று ஏதாவது ஒன்றில் பிழைப்பவர்கள்.

ஆசீர்வாதம் அண்ணன் முட்டை லாரி டிரைவர். முன்பு சங்ககிரியில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் ஓட்டியவர். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவர் பெயர் ஆறுமுகம். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விவசாயம் செய்யும் அவர் அண்ணன் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். சரோஜாக்கா மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. "பேரை மாத்திப்போட்டு அப்பறம் ரேசன் கார்டுக்கு யாருங்க அலையறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். வியாதியஸ்தர்கள் முன்னால் வரலாம் என்றார். ஆசீர்வாதம் அண்ணன் போனார். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். மறுநாள் காலை டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது!

இருக்காதா பின்னே? மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். அந்த மனுஷனுக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும்?

இதை யாரும் யோசிக்கவில்லை. பிரசங்கியார் அவரை மேடையில் நிறுத்தி வீடியோ எடுத்துவிட்டார். பின்னணி இசை எல்லாம் போட்ட வீடியோ. அது எங்கள் பக்கத்துச் சபைகளின் வாட்ஸாப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஓடியது. அன்றோடு ஆசீர்வாதம் அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகச் சாட்சி சொல்லப் போனார். பேசவே கூச்சப்படுகிற டிரைவர், திடீரென்று எல்லோருக்கும் வேண்டிய ஆளாகிவிட்டார்.

கர்த்தர் குணமாக்குவார் என்று நான் நம்புகிறேன். நம்பாமலா இத்தனை வருஷம் இந்த வெயிலில் கேசரி கிண்டுகிறேன்? ஆனால் அவர் குணமாக்கினாரா இல்லையா என்று இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் கோபித்துக்கொள்வார் என்று யார் சொன்னது?

மைக்கைக் கண்டால் மாறும் தமிழ்

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது, அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் சபையில் வாரத்தில் ஆறு நாளும் எல்லோரும் மனுஷர்களாகத்தான் இருப்பார்கள். "என்னங்க பண்றது, ஊட்டுல ஒரே சண்டைங்க" என்பார்கள். "முதுகு நெம்ப வலிக்குதுங்க" என்பார்கள். ஞாயிறு காலை கஞ்சி போட்ட சட்டையோடு வாசலில் நுழைந்ததும் என்ன ஆகுமோ தெரியாது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "தேவன் அற்புதமாய் நடத்துகிறார்" என்பார்கள். ஊடு இல்லமாகிவிடும். சண்டை போராட்டமாகிவிடும். போராட்டம் வந்தால் அடுத்த வாக்கியத்தில் ஜெயம் வந்தே தீர வேண்டும். ஜெயம் வராத போராட்டத்தை மைக்கில் சொல்ல எங்கள் சபையில் இடம் கிடையாது.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். வீட்டில், "ஏம்புள்ள, சட்டினி ஏன் இப்புடி உப்புக் கரிக்குது?" என்று கேட்கிற மனுஷன், பிரசங்க மேடையில் ஏறினால் "எனக்குப் பிரியமானவர்களே" என்று ஆரம்பிப்பார். என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வேறு மாதிரிச் சபை. மணியும் அங்கியும் உள்ள பழைய சபை. அங்கே ஞாயிறுதோறும் அச்சடித்த பாவ அறிக்கை உண்டு. எல்லோரும் சேர்ந்து, மூச்சு விடாமல், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்களைப் போல வாசித்து முடிப்போம். பாவிகள் என்று ஒத்துக்கொண்ட அதே வாயால் வெளியே வந்து, "அவரு குடும்பத்தைப் பாத்தியா?" என்று ஆரம்பிப்போம். அங்கே யாரும் எந்தப் பாவமும் செய்தவராகத் தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்தேன். இங்கே யாருக்கும் எந்த நோவும் இருப்பதாகத் தெரியவில்லை.

உண்மையாய் இருங்கள் என்று பிரசங்கிக்காத ஞாயிறு இரண்டு இடத்திலும் இல்லை. அதைக் கேட்டு எல்லோரும் ஆமென் சொல்லாத ஞாயிறும் இல்லை.

கழுவிவிட்டு வந்த கால்கள்

இன்னொன்று. ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன் அன்று எங்கள் சபையில் கால் கழுவும் ஆராதனை உண்டு. போதகர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பேசினில் தண்ணீர் வைத்து, சபையாரின் கால்களைக் கழுவித் துடைப்பார். அப்புறம் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். ஒருவருக்கொருவர் தாழ்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக.

நல்ல வழக்கம்தான். ஆனால் நம் ஆட்களைத்தான் தெரியுமே. அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே ஆரம்பித்துவிடுவார்கள். குதிகாலைக் கல்லில் தேய்ப்பது, நகம் வெட்டுவது, மஞ்சள் பூசுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது. பெண்கள் சிலர் மருதாணிகூட வைத்துக்கொண்டு வருவார்கள். கழுவப்படப் போகிற கால்களைக் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். பேசினில் தண்ணீர் கலங்குவதே இல்லை. தண்ணீரை ஊற்றும்போது செடிக்கு ஊற்றலாமா என்று தோன்றும், அவ்வளவு தெளிவு.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் அரைமணி நேரம் காலைத் தேய்ப்பார். "ஏனுங்க, கழுவப் போறது நீங்க. உங்க காலை எதுக்குங்க இப்புடித் தேய்க்கறீங்க?" என்று கேட்டால், "கடைசியில யாராவது என் காலைக் கழுவ வந்தா?" என்பார்.

இந்த வருஷம் ஆசீர்வாதம் அண்ணன் முறை வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். "நான் எல்லார்த்துக்கும் கழுவறேனுங்க. எனக்கு வேண்டாமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சபை உருகிப்போனது. என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் பந்தியில் அந்த வாடை வந்தபோதுதான் அந்தத் தாழ்மை எதற்கு என்று எனக்கு உறைத்தது.

"கர்த்தர் பேரு கெட்டுப்போயிருமுங்க"

மறுநாள் காலை சரோஜாக்கா வீட்டுக்குப் போனேன். தீவன மில்லுக்குப் பின்னால் இரண்டே அறை உள்ள வீடு. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா" என்றார். சிரிக்க முயன்று முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, அண்ணன் காலைப் பாக்கோணும்" என்றேன்.

உள்ளேயிருந்து அவரே சத்தம் போட்டார். "காலுக்கு ஒண்ணுமில்லீங்க பாஸ்டரம்மா! ஸ்தோத்திரமுங்க! நல்லா இருக்கறனுங்க!"

"நல்லா இருந்தாக் காட்டுங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் தூள் டப்பாவும், அந்தப் பிரசங்கியார் கொடுத்துவிட்டுப் போன ஜெப எண்ணெய் பாட்டிலும். சரோஜாக்காதான் துணியை அவிழ்த்தார். நான் ஜன்னலைத் திறந்தேன்.

பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. பாதத்தில் சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எப்புடி ஆச்சுங்க?"

"பெங்களூரு லோடு போனப்ப கேபின் தரை சூட்டுல வெந்துபோச்சாட்ட இருக்குதுங்க. மொதல்ல ராத்திரியில காலு எரியுமுங்க, அப்பறம் மரத்துப்போச்சு, சுட்டதே தெரியலீங்க. ஊட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினாத்தான் தோலு கூட வருது."

"எத்தனை நாளாச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

"வேண்டாமுங்க. நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஊரு ஊரா வீடியோ ஓடுது. எங்கண்ணன் அன்னைக்கே சொன்னாரு, நீ எந்தச் சாமியைக் கும்புட்டாலும் சக்கரை சக்கரைதான்டான்னு. இப்ப அவரு மூஞ்சியில முழிக்க முடியுமுங்களா? சாட்சி கெட்டுரும். கர்த்தர் பேரு கெட்டுப்போயிருமுங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. போதகர் மனைவி கத்தக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. அதைக் காற்றில் விட்டுவிட்டுக் கத்தினேன்.

"கர்த்தர் பேரைக் காப்பாத்தறதுக்கு உங்க காலு வேணுமாங்க அவருக்கு? அவரு பேரை அவரு பாத்துக்குவாருங்க! இந்தக் காலு போச்சுன்னா கிளட்ச்சை எதுல மிதிப்பீங்க? சரோஜாக்கா சோத்துக்கு என்ன பண்ணுவாங்க? இது முட்டிக்கு மேல ஏறுச்சுன்னா ஆளே போயிருவீங்க! எங்கப்பா போனாரு, நான் பாத்தேன்!"

அவர் சுவரைப் பார்த்தபடி, "விசுவாசமா இருந்தா ஆறிருமுங்க" என்றார். அந்தக் குரலில் விசுவாசத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

நோட்டீஸ் அடித்தாயிற்று

கோபத்தோடு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கறுப்பு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நெசமாவா? காலு கறுத்துருச்சா?"

"நெசமாத்தானுங்க. வேனை எடுங்க, சேலம் போலாம்."

"இல்ல புள்ள... கொஞ்சம் பொறு. உபவாசம் இருந்து ஜெபிப்போம். ரெண்டு ஞாயிறு கழிச்சு சபை ஆண்டு விழா. நோட்டீஸ் அடிச்சாச்சு. அந்த உபவாசக் கூட்டத்து ஊழியக்காரரும் வாராரு. சாட்சின்னு அண்ணன் பேரு போட்டிருக்குது..."

"நோட்டீஸ் அடிச்சதுக்காகக் காலு அழுகாம இருக்குமாங்க?"

"உனக்குப் புரியல. அவரு குணமானதை நம்பித்தான் சபையில எத்தனையோ பேரு ஜெபிக்கறாங்க. அது இல்லைன்னு ஆயிருச்சுன்னா அவங்கெல்லாம் எதைப் புடிச்சுக்குவாங்க?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. சபை மேல் இவ்வளவு பாசமா என்று அப்போதும் எரிச்சல்தான் வந்தது எனக்கு. "எவங்க? யாருங்க அவங்க? பேரு சொல்லுங்க பாக்கலாம்!" என்றேன். அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். டம்ளர் கழுவுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் செய்யவேண்டியதைச் செய்தவர் சரோஜாக்கா. நான் கிளம்பியதும் அவர் வீட்டுக்குப் பின்னால் போய், நாமகிரிப்பேட்டையில் இருக்கும் கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். எந்த மனிதர் முகத்தில் முழிக்கப் பயந்தார்களோ அவருக்கே. "மாமா, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் ஒருவழியாக வேன் சாவியை எடுத்து, நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு மோட்டார் பைக் நின்றது. உள்ளே, நெற்றியில் திருநீறும் கையில் மஞ்சள் கறையுமாகப் பெரியவர் ஒருவர் கட்டிலோரம் குந்தி, தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி பேசப்போகிறார் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டேன்.

"ஏன்டா ஆறுமுகம்" என்றார். "எந்தச் சாமியா இருந்தா என்னடா. காலு உன்றதுடா."

அவ்வளவுதான் பேசினார். தம்பியைக் கைத்தாங்கலாகத் தூக்கி வேனில் உட்கார வைத்தார். அந்த அழுகின காலைச் சேலம் போகும்வரை தன் மடியில் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஆசீர்வாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் பார்க்கப் போனால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

பிரசங்கியாருக்கு என் வீட்டுக்காரர் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். "அந்தச் சாட்சியை மட்டும் இந்தத் தடவை தவிர்த்துவிடுங்கள் பாஸ்டர்" என்றாராம். மறுநாளே பிரசங்கியாருக்கு விழா அன்று வேறொரு ஊரில் கூட்டம் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

சரோஜாக்கா மைக்கைப் பிடித்தார்

ஆண்டு விழா வந்தது. சாட்சி நேரம். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு பெண் போர்வெல்லில் தண்ணீர் வந்ததைச் சொன்னார். இரண்டுக்கும் கீபோர்டு முழங்கியது. அடுத்து யார் என்று என் வீட்டுக்காரர் பார்த்தபோது, கடைசி வரிசையிலிருந்து சரோஜாக்கா எழுந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கசங்கின புடவை. மைக்கை வாய்க்கு எவ்வளவு பக்கம் பிடிக்கவேண்டும் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஸ்தோத்திரமுங்க. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை குணமாகலீங்க."

மைக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ரண்டு வெரலை எடுத்துப்போட்டாங்க. மருந்தை நிறுத்துனது தப்புங்க. சொல்றதுக்கு எங்களுக்கு வெக்கமா இருந்துச்சுங்க. அவரு கேசரி திங்கறப்ப நீங்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லுவீங்க. ஊட்டுக்கு வந்து அப்புடியே சுருண்டு படுத்துக்குவாருங்க. தண்ணி தண்ணின்னு கேப்பாரு. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. நான் இன்னமும் கர்த்தரைத்தான் கும்புடறனுங்க. ஆனா நெம்பப் பயமா இருக்குதுங்க. அவ்வளவுதானுங்க."

மைக்கை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஆமென் சொல்வதா, ஸ்தோத்திரம் சொல்வதா, ஒருவருக்கும் தெரியவில்லை. சாட்சி முடிந்ததும் கீபோர்டைத் தட்டும் சகோதரர் விரல்களைத் தூக்கியபடியே இருந்தார். இரண்டாவது வரிசையில் ஒருவர், "இதையெல்லாம் மைக்குல சொல்லோணுங்களா?" என்று சத்தமாகவே கேட்டார். பிறகு மனைவி மக்களை எழுப்பிக்கொண்டு வெளியே போனார். அந்தக் குடும்பம் அதற்கப்புறம் எங்கள் சபைக்கு வரவில்லை. வேறொரு சபையில் முன்வரிசையில் உட்காருவதாகக் கேள்வி.

என் வீட்டுக்காரர் மேடைக்குப் போனார். பிரசங்கக் குறிப்புகளைக் கையில் வைத்திருந்தார், திறக்கவில்லை. "பிரியமானவர்களே" வரும் என்று காத்திருந்தேன்.

"யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார். "சபையில கேசரி திங்கச் சொன்னது தப்பு. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

வீட்டுத் தமிழ். எங்கள் வீட்டு அடுப்படியில் பேசுகிற அதே குரல். அதோடு இறங்கிவிட்டார். ஒரு பாட்டைப் பாடி ஆராதனையை முடித்துவிட்டோம்.

மிஞ்சிய கேசரி

விழா என்றால் சாப்பாடு உண்டு. சாப்பாடு என்றால் கேசரி உண்டு. விடிகாலையிலேயே ஒரு அண்டா கிண்டி வைத்தாயிற்று, அதை என்ன செய்ய முடியும்? பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் இலை சரோஜாக்காவுக்குப் போட்டிருந்தார்கள். நான் கரண்டியைக் கொண்டுபோகவே இல்லை. அடுத்த இலை கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி. கையை இலைக்குக் குறுக்கே வைத்து, "வேண்டாங்கம்மா" என்றான்.

"ஏன், நல்லாத்தான் இருக்குது."

"இல்லீங்க... எனக்கும் இருக்குதுங்க."

அவனுக்கு அடுத்தவரும் கையை வைத்தார். அதற்கடுத்த அம்மா, போன ஈஸ்டரில் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றவர், என் காதருகில், "ஊசி போடறனுங்க, யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு தானே சிரித்தார். பக்கத்திலிருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "எத்தனை யூனிட்டுங்க?" என்று ஆரம்பித்தார். எங்கள் பந்தியில் அப்படி ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் அப்படிச் சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். சிலர் வேண்டுமென்றே அள்ளி வைக்கச் சொல்லித் தின்றார்கள். ஆனால் வரிசை முடியும்போது பாத்திரம் கனமாகவே இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை பேரா? இத்தனை பேருமா இந்த மனுஷன் தின்பதைப் பார்த்துக்கொண்டு தாங்களும் தின்று, வீட்டுக்குப் போய் ஒளிந்து மாத்திரை போட்டீர்கள்? இதற்கா முந்திரி வறுத்து, நெய் உருக்கி, என் இடுப்பை ஒடித்தேன்?

கடைசி இலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரரைத் தாண்டிப் போகத்தான் போனேன். அவர் கையை இலையின் மேல் வைத்தார்.

"உங்களுக்கு யாரு வெக்கப் போறாங்க? உங்களுக்குத்தான் தொண்டை கட்டுமே" என்றேன், இருந்த எரிச்சலில்.

"தொண்டை இல்ல புள்ள" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் தலை நிமிரவில்லை.

"சக்கரை. அந்த உபவாசக் கூட்டத்துக்கு முன்னாடி இருந்தே. மாத்திரை பைக் பெட்டியில வெச்சிருக்கறேன். ஆசீர்வாதம் அண்ணனுக்குக் குணமானப்ப... எனக்கும் ஆகும்னு நினைச்சேன்."

கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது. பொய் சொல்லவில்லை, கையை ஓங்கியே விட்டேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், சர்க்கரை இல்லாத டீயை வருஷக்கணக்கில் நான்தானே போட்டுக் கொடுத்தேன்? எவங்க, பேரு சொல்லுங்க என்று நான் அன்றைக்குக் கேட்டபோது டம்ளரைக் கழுவப் போனவர் இவர்தானே?

பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"காலை நீட்டுங்க."

"புள்ள, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டுமுங்க. நீட்டுங்க."

நீட்டினார். நான் அதை மடியில் எடுத்து வைத்துத் திருப்பிப் பார்த்தேன். காலையிலிருந்து கொட்டகைக்கும் சபைக்கும் நடந்த கால். குதிகால் வெடிப்பில் செம்மண், விரல் இடுக்கில் பிரியாணி சோற்றுப் பருக்கை ஒன்று. பெரிய வியாழனுக்குத் தேய்த்துக் கொண்டுவரும் கால் இல்லை இது. விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. சபை மொத்தமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. கர்த்தர் கிருபையால நல்லாத்தான்..."

"நெசமாச் சொல்லுங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ராத்திரியில எரியுது புள்ள" என்றார்.